தலைமுறைக் கப்பலா, வழிவழிக் கலமா? வெள்ளிக்குள் சொல் வேண்டும்

கோத்தகிரி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் இதழ் வெள்ளிக்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, விண்மீனை நோக்கிப் போகும் கப்பலிலேயே பிறந்து அதிலேயே மடியும் மக்களைப் பற்றிக் கதை எழுதியிருக்கிறாள். ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கில் போனால் சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமாவுக்கு 420 ஆண்டு, தலைமுறைக்கு 25 வைத்தால் 17 தலைமுறை என்று ஓரத்தில் கணக்கு வேறு. இந்த வகைக் கப்பலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? கூடவே ஒரு சந்தேகம். கல்லூரி நாளில் இதேபோல ஒன்று படித்தேன். கப்பல் முழுக்கச் செடி மண்டிக் கிடக்கும், இரட்டைத் தலை மனிதன் ஒருவன் வருவான். என்ன கதை அது?

குன்னூர்:
ரெண்டு கதையைக் கலந்துவிட்டீர்கள் டீச்சர். இரட்டைத் தலை வருவது அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஹைன்லைனின் 'யூனிவர்ஸ்', 1941. செடி மண்டுவது ஆங்கிலேயர் பிரையன் ஆல்டிஸின் 'நான்-ஸ்டாப்', 1958. சொல்லுக்கென்ன, தலைமுறைக் கப்பல். 'க்' விட்டுவிடாதீர்கள்.

ஊட்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கப்பல் என்றதுமே கரியும் புகையும்தான் கண்ணில் நிற்கிறது. புறநானூறு 27இல் 'வலவன் ஏவா வானவூர்தி', அதாவது ஓட்டுபவன் இல்லாமலே போகும் ஊர்தி, இருக்க நமக்கென்ன பஞ்சம்? நீங்கள் சொல்லும் கதைகளில் ஓட்டத் தெரிந்தவனே இல்லையாமே, அச்சாகப் பொருந்துகிறது. நீளம் என்பீர்களானால் 'வழிவழிக் கலம்'.

குன்னூர்:
ஐயா, கலம் என்றால் பிள்ளைகளுக்குப் பாத்திரமும் தெரியாது, நெல் அளவையும் தெரியாது. கப்பலை மலாய்க்காரர்களே நம்மிடம் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

கோத்தகிரி, தேயிலைத் தோட்டக்காரர்:
நாங்கள் படுகர். பிறந்து வளர்ந்து சாகிற இடம் எங்களுக்கு ஹட்டி, அதாவது எங்கள் ஊர். 'வான்ஹட்டி' என்று வைத்தால்?

ஊட்டி:
கிரந்தமா! ஆனால் கேளுங்கள், பால் உங்களிடம் 'ஹாலு' ஆனதுபோலப் பட்டிதான் ஹட்டி ஆயிற்று. எனவே 'வான்பட்டி'. பட்டியிலிருந்து பாடி, பாடியிலிருந்து...
(மூன்று பத்திகளைச் சுருக்கியிருக்கிறேன் - மட்டுறுத்துநர்)

குன்னூர்:
பட்டி ஆடு அடைக்கிற இடம், ஐயா.

ஊட்டி:
அடைபட்டவர்கள் கதைதானே, தம்பி!

கோத்தகிரி ஆசிரியை:
இன்று அந்தப் பெண்ணே வந்து மடக்கிவிட்டாள். "மிஸ், கப்பல்ல இருக்கோம்னு அவங்களுக்கே கடைசிப் பக்கத்துலதான் தெரியும். தலைப்புல கப்பல்னு போட்டா கதை போச்சே!"

குன்னூர்:
கெட்டிக்காரி. ஆல்டிஸுக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் 'ஸ்டார்ஷிப்' என்று பெயர் மாற்றி, முடிச்சை அட்டையிலேயே அவிழ்த்துவிட்டார்கள். தலைப்பை அவளே வைக்கட்டும். கலைச்சொல் கடைசிப் பக்கச் சொல்லடைவில் வந்தால் போதும்.

தோட்டக்காரர்:
அப்படியானால் தலைமுறைக் கப்பலே இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு இலை எடை போடப் போகணும்.

கோத்தகிரி ஆசிரியை:
சரி, அதையே தட்டச்சுக்குக் கொடுக்கிறேன். நன்றி.

ஊட்டி:
மூன்று பேர் தலையாட்டினால் சொல் ஆகிவிடாது. என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பட்டி-பாடி பற்றி நான் எழுதியதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சுருக்கிய பத்திகளையும் திருப்பிப் போடுங்கள்.