ஏற்காட்டுக்கு வந்த பிறகு சாவி வாட்ச் நேரம் தவறுகிறது: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

மலைப்பள்ளி ஆசிரியர்:
வணக்கம். அப்பாவின் பழைய வாட்ச்சைத்தான் கட்டிவருகிறேன். சேலத்தில் இருந்தவரை ஒழுங்காக ஓடியது. ஏற்காட்டுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து நேரம் தவறுகிறது. மலையின் உயரம்தான் காரணமா? சரிசெய்யலாமா, புதிது வாங்குவதென்றால் எந்த வகை நல்லது? சனிக்கிழமை சேலத்துக்கு இறங்குகிறேன். அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அம்மாப்பேட்டை வாசகர்:
எந்த வாட்ச் என்று சொல்லவில்லையே? வேகமாக ஓடுகிறதா, பின்தங்குகிறதா? ஒரு நாளைக்கு எவ்வளவு வித்தியாசம்? இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

குளிர்காற்று:
இதில் கேட்க என்ன இருக்கிறது? ஏற்காட்டுக் குளிரில் வாட்ச்சுக்குள் இருக்கும் மெல்லிய சுருள் கம்பியான ஹேர் ஸ்பிரிங் விறைத்துக்கொள்ளும், வாட்ச் வேகமாக ஓடும். மதியம் வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறதா என்று பாருங்கள்.

கஞ்சமலையான்:
குளிர் இல்லை, காந்தம். சேலத்து மண்ணே இரும்பு மண். கஞ்சமலை முழுவதும் காந்த இரும்புத்தாது. அது வாட்ச்சைப் பாதிக்காமல் விடுமா?

பல்சக்கரம்:
இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது. யாரும் பழைய இழைகளைப் படிப்பதில்லை என்பதால் மீண்டும் எழுதுகிறேன். சாதாரண எஃகு ஸ்பிரிங் குளிரில் விறைப்பது உண்மைதான். அந்தக் குறையைப் போக்க உதவிய நிக்கல்-எஃகுக் கலவைகளைக் கண்டறிந்ததற்காகச் சார்லஸ் கியோம் 1920ஆம் ஆண்டே நோபல் பரிசு பெற்றுவிட்டார். உயரத்துக்கு வருவோம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். காற்றின் அடர்த்தி குறைவதால், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலின் ஓட்டம் சற்று மாறும். ஆனால் அந்த மாற்றம் நாளுக்குச் சில விநாடிகளைத் தாண்டாது. கஞ்சமலையாருக்கு ஒன்று: கஞ்சமலை சேலத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வெட்டியெடுத்தது பாக்சைட் என்னும் அலுமினியத் தாது; அதற்குக் காந்த குணம் கிடையாது.

கஞ்சமலையான்:
காந்தம் என்று நான் சொன்னதை நீங்கள் மறுக்கவில்லை, மலையைத்தான் மறுக்கிறீர்கள்.

மலைப்பள்ளி ஆசிரியர்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். எச்.எம்.டி. ஜனதா, தினமும் சாவி கொடுப்பது. நாளுக்கு இருபது நிமிடம் வேகம்.

செவ்வாய்ப்பேட்டை பழுதுநீக்குநர்:
தம்பி, இருபது நிமிடம் என்றால் குளிரும் இல்லை, உயரமும் இல்லை. திடீரென்று இவ்வளவு வேகம் பிடித்தால் ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்று பொருள். ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போலாகி, பேலன்ஸ் வீல் சீக்கிரமாகத் திரும்பும். காந்தம் ஏறியிருக்கலாம், சுருளில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது கீழே விழுந்து சுருள் கோணியிருக்கலாம். இரவில் வாட்ச்சைக் கழற்றி எங்கே வைக்கிறீர்கள்? ஒரு சிறு திசைகாட்டியை வாட்ச்சின் மேல் பிடித்துப் பாருங்கள்; முள் அசைந்தால் காந்தமாக இருக்கலாம். கடையில் காந்தம் இறக்கும் கருவியில் வைத்து எடுப்பது ஒரு நிமிட வேலைதான். அதற்காக முழு சர்வீஸ் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் வேறு கடை பாருங்கள்.

அம்மாப்பேட்டை வாசகர்:
பள்ளி மணியை நம்பி நடத்த வேண்டியவருக்குச் சாவி வாட்ச் எதற்கு? செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாங்குங்கள். அதன் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது, ஜனதாவின் பேலன்ஸ் வீலோ மணிக்கு 18,000 அரையலைவுகள் (ஒரு பக்க ஆட்டங்கள்)தான். மாதத்துக்குப் பதினைந்து விநாடி தவறினாலே குவார்ட்ஸில் பெரிது. பக்கத்து ஓசூரிலேயே டைட்டன் தயாராகிறது.

பல்சக்கரம்:
செல் போட்டு ஓட்டுவதை வாட்ச் என்று சொல்வதே சலுகை. சிட்டிசனின் உதவியோடு 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் செய்யத் தொடங்கி, அரை நூற்றாண்டு இந்தியாவின் மணிக்கட்டில் இருந்தது. அதைக் கழற்றி வைக்கச் சொல்வது எளிது.

அம்மாப்பேட்டை வாசகர்:
கழற்றி எறியச் சொல்லவில்லை, ஐயா. 1969இல் சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதுவும் விலையுயர்ந்த அதிசயப் பொருளாகத்தான் இருந்தது. பிறகு மலிந்ததால் மட்டம் ஆகிவிடுமா?

குளிர்காற்று:
குவார்ட்ஸும் குளிருக்கு விலக்கல்ல. படிகத்தை 25 டிகிரியை ஒட்டிச் சரியாக இருக்கும்படி அமைக்கிறார்கள். அதற்கு மேலும் கீழும் போனால் சிறிது பின்தங்கும். நான் சொன்ன குளிர் முழுப் பொய் இல்லை.

செவ்வாய்ப்பேட்டை பழுதுநீக்குநர்:
சண்டை போகட்டும். புதிது வாங்கினால் இவற்றைப் பாருங்கள் தம்பி. நேரம் மட்டும் முக்கியம் என்றால் குவார்ட்ஸ்; அதன் மோட்டார் காந்தத்தின் அருகே நின்றாலும், விலக்கியதும் பெரும்பாலும் மறுபடி ஓடும், நேரத்தை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். தினமும் கட்டுபவருக்கு ஆட்டோமேட்டிக் சரி, கை அசைவிலேயே சாவி ஏறும். பெட்டியில் கிடந்தால் ஏறக்குறைய இரண்டு நாளில் நின்றுவிடும். ஏற்காட்டு மூடுபனியிலும் மழையிலும் கட்டப்போகிறீர்கள், எனவே பின்மூடியில் 30 மீட்டர் என்று இருப்பதை நம்பி நனைய வேண்டாம், அது கைகழுவும்போது தெறிக்கும் நீருக்குத்தான். 100 மீட்டர் பாருங்கள். உங்கள் ஜனதாவை மழையில் கட்டவே வேண்டாம்.

மலைப்பள்ளி ஆசிரியர்:
காந்தம்தான். இரவில் ப்ளூடூத் ஸ்பீக்கரின் மேல் வைத்துக்கொண்டிருந்தேன். கடையில் கருவியில் வைத்து எடுத்தார்கள், இப்போது சரியாக ஓடுகிறது. அனைவருக்கும் நன்றி.

கஞ்சமலையான்:
நான் முதலிலேயே சொன்னேன்.

அம்மாப்பேட்டை வாசகர்:
சரியாக என்றால் எவ்வளவு? நாளுக்கு அரை நிமிடத்துக்குள் இருக்கிறதா? புதிது வாங்கினீர்களா, இல்லையா?