வெளிநாட்டுல எம்.ஏ. படிக்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?

கொழிஞ்சாம்பாறை பொண்ணு:
தினமும் கேரள எல்லைல இருக்கற வேலந்தாவளம் தாண்டி கோயமுத்தூருக்கு பஸ்ல போய் பி.ஏ. பொலிட்டிகல் சயின்ஸ் படிக்கறேங்க, கடைசி வருஷம். வீட்ல தமிழு, ஸ்கூல்ல மலையாளம், ரெண்டு பக்கமும் கேட்டு வளர்ந்ததாலயோ என்னவோ இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் மேல ரொம்ப ஆசை, ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) ஆகணும். அப்பா தென்னந்தோப்பு வேலை, லோன்னாலே பயப்படறார். ஏதாச்சும் வழி இருக்குங்களா?

சித்தூர் அக்கா:
இருக்கும்மா. ஐரோப்பிய யூனியனோட எராஸ்மஸ் முண்டுஸ் மாஸ்டர்ஸ் பாரு. குறைஞ்சது ரெண்டு நாட்டுல படிக்கணும், ஸ்காலர்ஷிப் கெடச்சா ஃபீஸ் இல்ல, மாசம் 1,400 யூரோ வரும், அதிகபட்சம் 24 மாசம். கடைசி வருஷத்துலயே அப்ளை பண்ணலாம், நிறைய கோர்ஸுக்கு அக்டோபர்ல இருந்து ஜனவரிக்குள்ள தேதி வரும், அதனால ப்ரொஃபசர்கிட்ட ரெஃபரன்ஸ் லெட்டர் இப்பவே கேட்டு வச்சுக்கோ. நான் கடைசி வாரத்துல ஓடினேன், லெட்டர் வந்து சேரல, ஒரு வருஷம் போச்சு.

வாளையார் அண்ணன்:
ஜெர்மனில பெரும்பாலான அரசு யுனிவர்சிட்டில ஃபீஸ் கெடையாது, ஆனா விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்ல (ஒரு வருஷச் செலவுக்குப் பணம் போட்டு, மாசாமாசம் எடுக்கற அக்கவுண்ட்) 11,904 யூரோ காட்டணும், நம்ம படிப்பு சர்டிஃபிகேட்ட சரிபார்த்துக் குடுக்கற ஏ.பி.எஸ். சர்டிஃபிகேட்டும் வேணும். லோன் பயம்னா மொதல்ல ஸ்காலர்ஷிப்தான்.

ஒண்ணு தங்கச்சி, ஐ.எஃப்.எஸ்-க்கு ஃபாரின் டிகிரி கட்டாயமில்ல, எந்த டிகிரியும் போதும், சிவில் சர்வீஸ் பரீட்சைதான், ஜெனரல்னா 32 வயசு வரைக்கும் எழுதலாம். முன்னாள் ஜனாதிபதி கே.ஆர். நாராயணன் கோட்டயம் பக்கத்து உழவூர்ல ஏழை வீட்ல பொறந்து, டாடா ஸ்காலர்ஷிப்ல லண்டன் போய் படிச்சு, 1949ல ஐ.எஃப்.எஸ். சேர்ந்தவர். அப்பாகிட்ட இதச் சொல்லும்மா.