படப் பதிவுகளை ஒழுங்குபடுத்த ஏதாவது கருவி உண்டா?

கேள்வி (கடலூர்):
நண்பர்களே, முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலையில் எடுத்த படங்களை நம் மன்றத்தில் தொடராகப் போடுகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் இணைப்பு, கேமரா அமைப்புகளான துளை அளவு, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) என்று எல்லாவற்றையும் கையாலேயே தட்டி, சதுர அடைப்புக்குறிகளையும் சரிபார்த்து முடிப்பதற்குள் படம் எடுத்த உற்சாகமே வடிந்துவிடுகிறது. ஒரு குறி விட்டுப்போனாலும் படம் வராது, நீளமாக முகவரிதான் தெரியும். சுலபமான வழி இருக்கிறதா?

பதில் (புதுச்சேரி):
படங்கள் ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது தம்பி. பகிர்வதற்கான பொத்தானை அழுத்தினால் பிபிகோடு (நீங்கள் சொன்ன அந்தச் சதுர அடைப்புக்குறிக் குறியீடு) என்று ஒரு தேர்வு வரும், அளவையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம், 1024 பிக்சல் போதும். அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள்.

பதில் (நெய்வேலி):
துளை அளவு போன்ற விவர வரிகளுக்கு எக்சிஃப்டூல் என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம்தான். கேமரா கோப்புக்குள்ளேயே எழுதிவைத்திருக்கும் விவரங்களைப் படித்து, நாம் சொல்லும் வடிவத்தில் 'எஃப்/8, 1/500, ஐஎஸ்ஓ 200' என்று ஒரு கோப்புறை முழுவதற்கும் ஒரே கட்டளையில் தந்துவிடும். கட்டளையை ஒருமுறை எழுதிச் சேமித்துக்கொண்டால் சரி. அப்புறம், செல்போன் படங்களில் ஜிபிஎஸ் இடவிவரமும் சேர்ந்திருக்கலாம், வீட்டில் எடுத்தவை என்றால் அதை நீக்கிவிட்டே போடுங்கள், இதே கருவியில் முடியும்.

கேள்வி கேட்டவர்:
ஃபிளிக்கர் வழி வேலை செய்கிறது, ரொம்ப நன்றி அண்ணா. படத்துக்குக் கீழே வரும் குறிப்பையும் கருவியே எழுதிவிடுமா?

பதில் (புதுச்சேரி):
அதை மட்டும் நீங்களே எழுதுங்கள் தம்பி. வந்தது விசைப்படகா, ஃபைபர் படகா, கூடையில் இருந்தது சங்கராவா வஞ்சிரமா என்பது அங்கே நின்று பார்த்த உங்களுக்குத்தான் தெரியும்.