வெள்ளெழுத்துக் கண்ணாடியும் இரண்டாவது பயணமும்

சேவைக் கழகங்களோடு சேர்ந்து தொண்டு செய்யப் போன இடங்களில் சந்தித்த மனிதர்களைப் பற்றி நண்பர்கள் ஒவ்வொருவராக எழுதி வருகிறீர்கள். இரத்ததான முகாமில் முதன்முதலாகக் குருதி கொடுத்த தன் தந்தையைப் பற்றிச் சகோதரி ஒருவர் எழுதியதை வாசித்தபின், நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஓர் அனுபவத்தை நானும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நான் திருகோணமலை நகரில் வசிப்பவன். இங்குள்ள ஒரு சேவைக் கழகத்தில் 11 ஆண்டுகளாக உறுப்பினனாக இருக்கிறேன். டெங்கு ஒழிப்புச் சிரமதானம், வெள்ள நிவாரணம், மாணவர்களுக்குக் கொப்பி வழங்குதல் என்று பலவற்றில் பங்குபற்றியிருக்கிறேன். ஆயினும் எனக்குத் தொண்டு என்றால் என்னவென்று புரியவைத்தது வெருகல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாங்கள் நடத்திய கண் முகாமும், அதைவிட முக்கியமாக, முகாம் முடிந்து ஐந்து மாதங்களுக்குப் பின்னர் நான் மீண்டும் அங்கே போக நேர்ந்ததும்தான்.

சேவைக் கழகங்கள் கண் பணியை இவ்வளவு விரும்பி மேற்கொள்வதற்கு ஒரு பின்னணி உண்டு. 1917இல் சிக்காகோவில் தொடங்கிய லயன்ஸ் இயக்கத்தின் மாநாடு 1925இல் ஒஹாயோவில் கூடியபோது, பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் அங்கு வந்து, பார்வையற்றோருக்காக உழைக்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண் சேவை அவ்வியக்கத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதைப் பார்த்து மற்றக் கழகங்களும் செய்கின்றன. எங்கள் கழகத்து மூத்த உறுப்பினர் ஒருவர் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இக்கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரண்டு வான்களில் புறப்பட்டோம். கொட்டியாரக் குடாவைச் சுற்றித் தெற்கே போகும் அந்த வீதியில் இன்று பயணம் செய்வது எளிது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை அந்த இடத்தைப் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. பாதைக்காக வெயிலில் காத்து நின்ற நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. மூதூரைத் தாண்டி ஈச்சிலம்பற்றுப் பக்கம் போகப் போக வயல்கள் விரிந்தன. பெரும்போக நெல் கதிர் தள்ளி நின்றது. அந்தக் கதிர்களைப் பார்த்து அழகை மட்டுமே நான் எண்ணினேன். இன்னும் சில வாரங்களில் அறுவடை வரும் என்பதும், அதற்கும் எங்கள் முகாமுக்கும் தொடர்பு உண்டு என்பதும் அன்று என் புத்திக்கு எட்டவில்லை.

பாடசாலை அதிபர் மண்டபத்தைத் திறந்து தந்தார். விறாந்தையில் 6 மீற்றரை நாடாவால் அளந்து கோடு போட்டு, மறுமுனையில் பரிசோதனை அட்டையைத் தொங்கவிட்டோம். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காக, மூன்று விரல் நீட்டியது போன்ற ஒரே வடிவம் நான்கு திசைகளிலும் திரும்பித் திரும்பி வரும் அட்டை உண்டு. விரல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையால் காட்டினால் போதும். கோடு தெளிவாகத் தெரியாதவர்களிடம் நடுவில் ஊசித்துளை போட்ட கறுப்பு மட்டையைக் கொடுத்து அதனூடாகப் பார்க்கச் சொல்வோம். துளையினூடாகப் பார்க்கும்போது தெளிவு கூடினால் பெரும்பாலும் கண்ணாடியால் சரிசெய்யக்கூடிய குறை. கூடாவிட்டால் வெண்புரையோ வேறு நோயோ இருக்கலாம், வைத்தியர் பார்த்தாக வேண்டும். இந்தச் சிறிய மட்டை செய்யும் வேலையை முதன்முதலாகப் பார்த்தபோது நான் வியந்து போனேன்.

கிட்டவுள்ளதைப் பார்க்கும் திறனைச் சோதிப்பதில் எங்களோடு வந்த ஆசிரியை ஒருவர் செய்த காரியத்தை இங்கு சொல்லாமல் இருக்க முடியாது. நாற்பது வயதைத் தாண்டும்போது கண்ணிலுள்ள வில்லை நெகிழ்வை இழப்பதால் வருவதுதான் வெள்ளெழுத்து. அதற்குப் பிளஸ் 1 முதல் பிளஸ் 3 வரையான கண்ணாடிகளில் பொருத்தமானதைத் தேர்ந்து கொடுப்பது வழக்கம். வழமையாகச் சிறிய எழுத்து அச்சிட்ட அட்டையை வாசிக்கச் சொல்லித்தான் பொருத்தம் பார்ப்போம். வாசிப்புப் பழக்கம் இல்லாத ஒருவருக்கு அந்த அட்டை என்ன சொல்லும்? ஆசிரியை வீட்டிலிருந்து ஒரு சுளகும், அரைக்கொத்து அரிசியும், நூலும் ஊசியும், கிழிந்த வலைத்துண்டு ஒன்றும் கொண்டு வந்திருந்தார். பெண்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினார்கள். மீன்பிடிக்கும் ஒருவர் வலைக்கண்ணை விரித்துப் பார்த்து, முதலில் கொடுத்த கண்ணாடியைத் திருப்பித் தந்து அடுத்ததை வாங்கிப் போட்டு, "இதுதான் சரி" என்றார். கண்ணாடி எதற்குத் தேவைப்படுகிறதோ அதைக் கொண்டே சோதிக்க வேண்டும் என்பதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அன்று எனக்கு முன்னால் அமர்ந்த ஒரு பெரியவர் எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்தவர். முன்பு கண்ணாடி போட்டீர்களா என்று கேட்டேன். 2006ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து மட்டக்களப்புப் பக்கம் ஓடியபோது அது விழுந்து போயிற்று என்றார். திரும்பி வந்து வீட்டைக் கட்டி, மாடு வாங்கி, பேத்திகளைக் கரைசேர்த்தார். கண்ணாடியை மட்டும் வாங்கவில்லை. பிளஸ் 2.5 கண்ணாடியை மாட்டியதும் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த கோயில் அறிவித்தலை எடுத்து, ஓசையெழுப்பி, கடைசி வரிவரை வாசித்தார். வரிசையில் நின்றவர்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

மாலையில் பதாகைக்கு முன்னால் நின்று படம் எடுத்தோம். கண்ணாடிப் பெட்டிகள் ஏறக்குறைய வெறுமையாகியிருந்தன. வெண்புரை இருக்கலாம் என்று கண்ட 19 பேருக்கு, நகரிலுள்ள வைத்தியசாலையின் கண் பிரிவுக்குப் போவதற்கான கடிதத்தையும் திகதியையும் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த முகாம் வெற்றிகரமாக நடந்து முடிந்தது என்று அறிக்கையில் பதிவாகியது. அந்த அறிக்கையை எழுதியவன் நான்தான்.

ஜூன் மாதம், கச்சான் காற்று மண்ணை அள்ளி முகத்தில் வீசிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், உறவினர் வீட்டுக் காரியமாக அதே ஊருக்குப் போனேன். முகாமில் பார்த்த ஆச்சி ஒருவர் வேலியோரம் நின்றிருந்தார். இரண்டு கண்களிலும் வெண்புரை முற்றியிருந்ததால் அவரை எனக்கு நன்றாக நினைவிருந்தது. வைத்தியசாலைக்குப் போனீர்களா என்று விசாரித்தேன். அவர் உள்ளே போய், சுவரைத் தடவித் தடவி நடந்து, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த எங்கள் கடிதத்தை எடுத்து வந்தார். நான்காக மடித்தது மடித்தபடி இருந்தது.

"போகத்தான் நினைச்சனான் மகன். அண்டைக்கு எங்கடை வயலிலை அறுவடை. என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆருக்கு நேரம்?"

அன்று மாலையும் மறுநாள் காலையும் வீடு வீடாகப் போனேன். 19 பேரில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் மூவர் மட்டுமே. நாங்கள் கொடுத்த திகதிகள் எல்லாம் மாசி, பங்குனி அறுவடைக்குள் விழுந்திருந்தன. ஒரு வயோதிபரை நகருக்குக் கூட்டிப் போக வேண்டுமானால் முதல் பஸ்ஸில் ஏற வேண்டும், கூடப் போகிறவர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்று நாங்கள் சொல்லியிருந்தோம், ஆனால் பயணமும் சாப்பாடும் துணையும் இலவசமல்லவே. இருவர் போய்த் திரும்பியிருந்தார்கள்: சீனி வருத்தமும் (நீரிழிவு) பிரஷரும் கட்டுப்பாட்டில் இல்லாததால், அவற்றைக் குறைத்துக்கொண்டு வரும்படி அங்கு சொல்லப்பட்டிருக்கிறது. அது பாதுகாப்புக்காகச் சொல்லப்பட்டது. அவர்களோ தங்களுக்கு இனிச் செய்யமாட்டார்கள் என்று விளங்கிக்கொண்டு வீட்டிலிருந்து விட்டார்கள். இன்னொருவர், "இருக்கிற கொஞ்சப் பார்வையும் போயிட்டால்?" என்று கேட்டார். நாங்கள் எழுதிக் கொடுத்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் வைத்திருந்தவர்கள் பலர். இவற்றில் ஒன்றுக்குக்கூட அந்த மக்களைக் குறைசொல்ல இடமில்லை. முகாமைத் திட்டமிட்டபோது ஊரவர் ஒருவரையாவது பக்கத்தில் இருத்திக் கேட்டிருந்தால், பாதியை முன்கூட்டியே தவிர்த்திருக்கலாம்.

நகருக்குத் திரும்பியதும் கழகத்தில் விடயத்தைச் சொன்னேன். அப்போது ஜூலை நெருங்கியிருந்தது. பன்னாட்டுச் சேவைக் கழகங்களில் ஜூலை 1ஆம் திகதி புதிய சேவை ஆண்டு தொடங்கும். தலைவரும் நிர்வாகமும் மாறுவர். எங்கள் கழகமும் இதே முறையைப் பின்பற்றுகிறது. பொறுப்புச் சுழன்று வருவது நல்லதே. ஆனால் புதிய நிர்வாகம் தனக்கென்று புதிய பணிகளை மனத்தில் வைத்துக்கொண்டு வருவதால், பழைய முகாமின் பட்டியல் பழைய செயலாளரின் மேசை அறைக்குள்ளேயே கிடந்துவிடுகிறது. கழகங்களில் இருக்கும் நண்பர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். பொறுப்பேற்கவிருந்த தலைவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப இந்த வருசத்து முதல் வேலை இதுதான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

இம்முறை பதாகை இல்லை. ஐந்து பேர் மட்டும் போனோம். கிராம உத்தியோகத்தரும் மாதர் சங்கத்துப் பெண்களும் கூடவே இருந்து, சிறுபோக அறுவடை தொடங்குவதற்கு முந்திய வாரங்களைத் தெரிந்து சொன்னார்கள். அஞ்சியவரின் வீட்டுக்கு, ஏற்கெனவே சத்திரசிகிச்சை செய்துகொண்ட மூவரில் ஒருவரை அழைத்துப் போனோம். மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள், கண்ணை மட்டும் மரக்கச் செய்வார்கள், அதிக நேரம் எடுக்காது என்று நாங்கள் எவ்வளவு விளக்கியும் அசையாதவர், பக்கத்து ஒழுங்கையைச் சேர்ந்த அந்த மனிதர் தன் கண்ணைச் சுட்டிக்காட்டி இரண்டு வசனம் பேசியதும் சம்மதித்தார். சீனி வருத்தம் உள்ள இருவரையும் முதலில் பக்கத்துக் கிளினிக்கில் சேர்த்தோம்.

நால்வர் நால்வராக வானில் கூட்டிப் போனோம். ஒவ்வொரு குழுவோடும் கழக உறுப்பினர் ஒருவர் வைத்தியசாலையில் நின்றார். இரவு தங்க நேர்ந்தவர்களின் துணையாட்களுக்கு உறுப்பினர் வீடுகளில் சாப்பாடும் படுக்கையும் கொடுத்தோம். சிகிச்சைக்குப் பின் வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும். எந்தப் போத்தலை எத்தனை முறை விடுவது என்பது பலருக்குக் குழப்பமாக இருந்தது. அதே ஆசிரியைதான் இதற்கும் வழி கண்டார்: ஒரு போத்தலின் கழுத்தில் சிவப்பு நூலும் மற்றதில் பச்சை நூலும் கட்டி, ஒரு கடதாசியில் சூரியனும் நிலவும் வரைந்து, அவற்றுக்குக் கீழே சிவப்பு, பச்சைப் புள்ளிகள் இட்டுக் கொடுத்தார். எத்தனை புள்ளியோ அத்தனை முறை. தலைக்குத் தண்ணீர் வார்க்கக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது என்பதை வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் சொல்லி வைத்தோம். ஆச்சிமாரைக் கண்காணிப்பதில் பேரப்பிள்ளைகளைவிடக் கண்டிப்பானவர்கள் கிடையாது.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடவில்லை. சீனி வருத்தம் இருந்த இருவரில் ஒருவருக்கு வெண்புரையை எடுத்தும் பார்வை பெரிதாகத் திரும்பவில்லை. நோய் விழித்திரையைப் பழுதாக்கியிருந்தது. அவருடைய மனைவி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை, தேநீர் ஊற்றித்தான் தந்தார். அந்தத் தேநீரைக் குடிப்பது எனக்குக் கடினமாக இருந்தது. அன்றிலிருந்து, எந்த முகாமிலும் சீனி வருத்தம் உள்ளவர்களிடம், பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணின் உட்புறத்தைப் பரிசோதித்துக்கொள்ளும்படி கையைப் பிடித்துச் சொல்கிறேன்.

கட்டவிழ்த்த மறுநாள் ஆச்சியைப் பார்க்கப் போனேன். படலையைத் திறக்கும் ஓசை கேட்டு நிமிர்ந்தவர், நான் வாய் திறப்பதற்கு முன்னரே என் முகத்தை உற்றுப் பார்த்தார். "குரலை வைச்சு உங்களை வயசான ஆளெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார். பின்பு மடியிலிருந்த சுளகைத் திருப்பி, அரிசிக்குள் கிடந்த ஒரு கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கடுகளவு கல். அந்த ஆண்டு வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்குத் தானாகவே நடந்து போய் வந்ததாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

இப்போது எங்கள் கழகத்தில் நீல மட்டையிட்ட கொப்பி ஒன்று இருக்கிறது. முகாமில் யாரை எங்கே அனுப்பினோம், போனாரா, போகாவிட்டால் ஏன், அடுத்து யார் போய்ப் பார்ப்பது என்பதை அதில் எழுதுகிறோம். ஜூலையில் நிர்வாகம் மாறும்போது முதலில் கைமாறுவது அதுதான். அந்த ஊரின் 19 பெயர்களில் 16க்கு எதிரே திகதி எழுதியாயிற்று. ஒருவர் காலமாகிவிட்டார். மற்ற இருவரும் இன்னும் சம்மதிக்கவில்லை. அறுவடை முடிந்ததும் மீண்டும் போவோம். ஆச்சிக்கு மற்றக் கண்ணுக்கும் அப்போதுதான் திகதி.