சின்ன காதுக்கு எந்த இன்-இயர் (காதுக்குள்ள சொருகுற) இயர்போன் வாங்கலாம்?

மக்களே ஒரு உதவி. தினமும் பஸ்ல கச்சேரி கேட்டுட்டே போறவன் நான், இப்ப இருக்குற இயர்போன்ல பேஸ் மட்டும் திம்முன்னு அடிக்குது, மிருதங்கத்தோட தொப்பி (இடது பக்கம்) சத்தத்துல தம்பூரா சுத்தமா காணாம போயிடுது. அரை மணி நேரத்துலயே வலது காது வேற வலிக்குது, கழட்டிப் பாத்தா ஓரமெல்லாம் செவந்து கெடக்கு. சின்ன சிலிக்கான் டிப் போட்டா வலி இல்ல, ஆனா காதுல சரியா அடைக்காம இருக்குற பேஸும் போயிடுது.

மூன்ட்ராப் சூ 2, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஸீரோன்னு ரெண்டு மாடல் பாத்து வச்சிருக்கேன். ரெண்டுலயும் 10 மிமீ டைனமிக் டிரைவர்தான் (உள்ள இருக்குற குட்டி ஸ்பீக்கர்), கேபிள கழட்டி மாத்திக்கலாம்ங்கறது பெரிய நிம்மதி. ஸீரோ கொஞ்சம் சதுரமா இருக்கே, அது காதுல உறுத்துமா? ரெண்டையும் மணிக்கணக்கா போட்டுக் கேட்டவங்க யாராச்சும் இருந்தா, குரலும் வயலினும் எதுல தெளிவா கேக்குதுன்னு சொல்லுங்க ப்ளீஸ்.