மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்கியது

பழனிக்காரன்:
ஆயக்குடிக் கொய்யா. மாவுப்பூச்சிக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை, சரி என்று அதைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு வாங்கி மரத்துக்கு 10 விட்டேன். ரெண்டே நாளில் ஒன்றையும் காணோம். மூன்றாவது வாரம் பார்த்தால், காய்க்காம்பில் முன்னைவிடப் பெரிய மாவுப்பூச்சி! அரை அங்குலம் இருக்கும், உடம்பெல்லாம் வெள்ளை நூல். நானும் வீட்டுக்காரியும் காலை முழுக்க விரலாலேயே நசுக்கினோம். நாற்பது, ஐம்பது போயிருக்கும். ஒன்று மட்டும் தப்பி இலைமேல் விறுவிறுவென்று ஓடியது. மாவுப்பூச்சி எங்கே அப்படி ஓடும்? அப்போதுதான் உறைத்தது. அது வண்டின் புழு. காசு கொடுத்து வாங்கி விட்டதன் குஞ்சுகள்.

மாடித்தோட்டக்காரி:
எங்கள் எலுமிச்சையில் செதில் பூச்சி. ஒரு வருஷமாக அதைப் பட்டையின் முடிச்சு என்றே நினைத்திருந்தேன். நகத்தால் கீறினால் பெயர்ந்து வந்து, அடியில் மஞ்சளாகப் பிசுபிசுத்தது. இலையெல்லாம் கரி பூசியதுபோல் கறுப்பு. லிட்டருக்கு 50 கிராம் மைதா போட்டுக் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து அடித்தேன். மதிய வெயிலில் காய்ந்து, கறுப்பு ஏடு ஏடாக உரிந்து, கொடியில் கிடந்த மாமனார் வேட்டிமேல் போய் விழுந்தது. அதற்குமேல் எழுத வேண்டாம்.

கொங்குத்தோட்டம்:
அக்கா, மைதா கறுப்பைத்தான் உரிக்கும், பூச்சி அப்படியே இருக்கும். அது கழிக்கும் தேன் ஒழுகினால் அதில் பூஞ்சணம் படர்ந்து மறுபடி கறுப்புதான். முதலில் எறும்பைப் பாருங்கள். தேனுக்காகக் காவல் நின்று பொறிவண்டை அண்டவிடாது. சுவரைத் தொடும் கிளையை வெட்டுங்கள். தண்டில் பாலித்தீன் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள், பட்டையில் நேராக வேண்டாம். அப்புறம், வளர்ந்த செதிலின் ஓட்டுக்குள் மருந்து லேசில் இறங்காது. குஞ்சுகள் ஊரும்போதுதான் அடிக்க வேண்டும். கிளையில் ரெண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றிவையுங்கள், மஞ்சள் துகள்போல் ஒட்டினால் அதுதான் நேரம். மீன் எண்ணெய் சோப்பு லிட்டருக்கு 25 கிராம், சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனைய. வேப்பெண்ணெயை உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகிவிடும்.

என் கதை சின்னது. 2008-இல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி அடுத்த வருஷம் என் தோட்டத்துக்கும் வந்தது. வாராவாரம் மருந்தடித்துத் தோற்று, அத்தனை பப்பாளி மரத்தையும் பிடுங்கி எரித்தேன். 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து, அந்தப் பூச்சிக்குள் முட்டையிடும் அசிரோபேகஸ் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அப்புறம் பக்கத்துத் தோட்டத்துப் பப்பாளியில் பார்த்தேன், பூச்சியெல்லாம் பழுப்பாக உப்பி, ஒவ்வொன்றிலும் குளவி வெளியேறிய ஓட்டை. என் பக்கம் வெறும் குழிதான்.

குமரித்தோப்பு:
எறும்பு என்றாலே கெட்டதா? எங்கள் மாமரத்தில் முசுறு, இலையைப் பின்னிக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்பு, இருக்கும்வரை புழு அண்டாது. கிரீஸ் தடவச் சொல்வதற்கு முன் என்ன எறும்பு என்று கேளுங்கள்.

கொங்குத்தோட்டம்:
அண்ணா, அதே முசுறு செதில் பூச்சியையும் மேய்க்கும். கூட்டுக்குள் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா?

குமரித்தோப்பு:
பிரித்தவன் கை என்ன ஆகும் என்று தெரியும் தம்பி.

பழனிக்காரன்:
மருந்துக் குறிப்பு யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதி வைத்துக்கொண்டேன். அந்த ஓடிய புழு என்ன ஆனது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே! அந்தக் கிளையில் வீட்டுக்காரி சிவப்பு நூல் கட்டிவைத்தாள், அதில் காய்கூடப் பறிக்கவிடவில்லை. நேற்று அதே கிளையில் மிளகளவு கறுப்பு வண்டு, தலைப்பக்கம் ஆரஞ்சு. ஒன்றே ஒன்று.