'ஓப்பனிங் சீக்குவென்ஸ்': 'வரவுத்தொடர்' என்ற பரிந்துரை

மதிப்புக்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

திரைப்படத்தின் தொடக்கப் பகுதியைக் குறிக்கும் 'ஓப்பனிங் சீக்குவென்ஸ்' (opening sequence) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'தொடக்கக் காட்சி' என்பதே போதும் என்று, கலைச்சொல் தேடும் நம் குழுவின் ஐயா ஒருவர் தம் மடலில் எழுதியிருந்தார். அதை ஏற்க எனக்குத் தயக்கமாக உள்ளது. படத்தில் முதலில் வருவது எது என்பதை அச்சொல் காட்டுகிறது. அப்பகுதி பார்வையாளரிடத்தில் ஆற்றும் வேலையை அது காட்டவில்லை. குடும்பக் கதையொன்று கிணற்றடியில் தொடங்குமானால் கிணறும் வீடும் உறவுமுறையும் நாம் முன்பே அறிந்தவை. ஆகவே அங்கே இக்குறை உறுத்தாது. அறிவியல் புனைகதைப் படத்தில் உலகமே புதிது. அங்கே எது நடக்கக்கூடும், எதற்கு அஞ்ச வேண்டும், எவ்வளவு பொறுமையோடு பார்க்க வேண்டும் என்பவற்றையெல்லாம் முதற் சில நிமிடங்களே மனதில் ஊன்றிவிட வேண்டியிருக்கிறது.

இலங்கையின் கிளிநொச்சியில் உயர்தர வகுப்பு மாணவருக்கு 'நாடகமும் அரங்கியலும்' என்ற பாடத்தைக் கற்பிக்கும்போது, இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979) படத்தின் தொடக்கத்தை மட்டும் திரையிட்டுக் காட்டுவது என் வழக்கம். இருண்ட கோளொன்றைக் கமரா மெல்லக் கடந்து செல்ல, திரையின் மேற்பகுதியில் தனித்தனிக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. முதலில் அவை எழுத்துகள் என்றே தெரிவதில்லை; கோடுகள் கூடிக் கூடி, இறுதியில்தான் படத்தின் பெயராகின்றன. அடுத்து விண்கலத்தின் ஆளற்ற நடைபாதைகள் வருகின்றன. மேசையில் ஒரு பொம்மைப் பறவை தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது; கணினி தானாக விழித்தெழ, வெறுமனே கிடக்கும் தலைக்கவசத்தின் கண்ணாடியில் அதன் வெளிச்சம் ஓடுகிறது. மனிதர்கள் அதன் பின்னரே உறக்கத்திலிருந்து எழுகிறார்கள். எந்தக் கொடிய உயிரையும் இன்னும் காட்டவில்லை, ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆயினும் வகுப்பில் எல்லோரும் அச்சத்தோடு காத்திருக்கிறார்கள். இக்காத்திருப்பை உண்டாக்கும் பகுதிக்கே நாம் பெயர் தேடுகிறோம்.

இயக்குநர் குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) கேட்பது வேறு விதமான பொறுமை. முழு இருட்டில் இசையமைப்பாளர் லிகெட்டியின் இசை ஒலித்த பிறகே நிலவும் பூமியும் சூரியனும் ஒரே கோட்டில் எழுகின்றன. முதல் உரையாடலைக் கேட்க ஏறத்தாழ 25 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இப்படத்தில் விளக்கத்தை எதிர்பார்த்து உட்காரக் கூடாது என்பதை அத்தொடக்கமே உணர்த்திவிடுகிறது.

இயக்குநர் சேமெக்கிஸின் 'கொன்டாக்ட்' (1997) தன் உலகத்தின் விதியையே தொடக்கத்தில் வைத்துவிடுகிறது. கமரா பூமியை விட்டு விலக விலக வானொலி ஒலிகள் பழையனவாகிக்கொண்டே போய், கடைசியில் முழு அமைதி வருகிறது. வானொலி அலை ஒளியின் வேகத்திலேயே செல்வதால், தொலைவில் கேட்பது கடந்த காலத்தின் ஒலி என்ற கருத்து சரியானது. அளவுதான் பொருந்தாது. வியாழனுக்கு வானொலி அலை ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். படத்திலோ அக்கோளின் அருகிலேயே பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒலிபரப்புகள் கேட்கின்றன. இதைப் பிழை என்று நான் கொள்ளவில்லை. அறிவியலை இப்படம் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும், எங்கே தளர்த்தும் என்பதைப் பார்வையாளர் அங்கேயே தெரிந்துகொள்கிறார்.

நூலின் முன்னுரையைக் குறிக்கும் 'பாயிரம்' என்ற சொல்லையும் குழுவில் சிலர் முன்வைத்தார்கள். மதிக்கத்தக்க சொல், "ஆயிர முகத்தான் அகன்ற தாயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே" என்ற நன்னூல் வரி நம் எல்லோருக்கும் பாடம். ஆக்கியோன் பெயர், நூற்பெயர், எல்லை, நுதலிய பொருள் (நூல் கூறும் பொருள்) என்று சிறப்புப் பாயிரத்துக்கு நன்னூல் சொல்லும் எட்டில் பல, திரையில் பெயர்கள் ஓடும் பகுதிக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றன. ஆனால் பாயிரம் அறிவிப்பது. மனநிலையை உருவாக்குவது அதன் கடமையன்று. பெயர்கள் ஓடும் பகுதிக்கு நம்மவர் வாயில் 'எழுத்தோட்டம்' என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருப்பதால், அதையே கலைச்சொல்லாகவும் கொள்ளலாம்.

நான் பரிந்துரைப்பது 'வரவுத்தொடர்'. முல்லைத்தீவில் ஆடப்படும் கோவலன் கூத்தையும் வன்னியெங்கும் ஆடப்படும் காத்தவராயன் கூத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'வரவு' என்பதை விளக்க வேண்டியதில்லை. கூத்து ஆடும் இடமான களரிக்கு வரும் பாத்திரம் தன் வரவைப் பாடி ஆடுகிறது. பாத்திரத்துக்கு ஏற்பப் பாட்டும் தாளமும் நடையும் மாறுகின்றன. வருபவர் யார் என்ற செய்தியும் எந்த மனநிலையில் அவரைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பும் அங்கே ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அறிவியல் புனைகதைப் படத்தில் அவ்வாறு வந்து நிற்பது ஓர் உலகம். அவ்வுலகத்தின் வரவைப் பல காட்சித்துண்டுகள் சேர்ந்து நிகழ்த்துவதால் 'தொடர்' என்பதையும் சேர்த்தேன்.

வரவு என்றால் வரவு செலவுக் கணக்குத்தான் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு எழக்கூடும். தனிச்சொல்லாக நின்றால் அது நேரலாம். 'படத்தின் வரவுத்தொடர்' என்று எழுதும்போது அக்குழப்பத்துக்கு இடமில்லை என்பது என் கருத்து. 'நல்வரவு' என்று வாயிலில் எழுதி வைப்பதைப் பார்த்து எவரும் வருமானத்தை நினைப்பதில்லை.

எழுத்தோட்டத்துக்கு முன்பே கதையின் ஒரு நிகழ்வைக் காட்டிவிடும் முறைக்கு 'முன்நிகழ்வு' என்பதைத் தனிச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம். அது சில படங்களில் வரவுத்தொடரின் உள்ளேயே அடங்கும், சிலவற்றில் தனித்து நிற்கும். கூத்தில் நேரடிப் பயிற்சியுள்ள அண்ணாவிமார் (கூத்துப் பழக்கும் ஆசிரியர்கள்) நம் குழுவில் இருந்தால், 'வரவு' என்பதை இவ்வாறு திரைக்கு நீட்டுவது அவர்களுக்கு உடன்பாடுதானா என்று எழுதும்படி பணிவோடு கேட்கிறேன்.